இலை போகாத ஊருக்கு இலையின் அச்சு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், தாவரவியல் துறை 1989 அணியைச் சேர்ந்த முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "அமெரிக்காவில இத்தனை வருஷம் இருக்கீங்க, நம்ம பிள்ளைங்களுக்கு ஏதாவது உபயோகமா பேசுங்க" என்றார். "வாழ்த்து அட்டை செய்யறது பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி மேடம், இருபது நிமிஷம்" என்றார். அவருக்கு என் நன்றி.

நான் 1992-இல் கல்யாணமாகி மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனேன். பாஸ்டனிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் வரைக்கும் இலையுதிர் காலம். ஃபால் என்று சொல்வார்கள். இலை விழுவதால் அந்தப் பெயர். முதலில் வடக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் நிறம் மாறும். அது அப்படியே தெற்கே இறங்கி, எங்கள் பக்கத்துக்கு அக்டோபர் நடுவில் வந்து சேரும். இலையைப் பார்ப்பதற்கென்றே பஸ் பிடித்து வருகிற ஜனங்கள் உண்டு.

தாவரவியல் படித்தவள் என்பதால் இரண்டு நிமிடம் பாடம் நடத்த அனுமதி வேண்டும். பகல் குறைந்து குளிர் ஏற ஆரம்பித்ததும் மரம் இலையிலிருந்து தனக்கு வேண்டிய சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளியே தெரிகின்றன. அந்த மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கோடை முழுக்க அங்கேயே இருந்ததுதான். சிவப்பு அப்படி இல்லை. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாகிற ஆந்தோசயனின் தருவது அது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று சில நாட்கள் அமைந்தால் சிவப்பு பிரமாதமாக வரும். கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவு அடுக்கு உண்டாகி, இலை கழன்று விழுகிறது.

நம் ஊரில் இதை முழுசாகப் பார்க்க முடியாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். இங்கே இலை கொட்டுவது மழை முடிந்து வறட்சி ஆரம்பிக்கும்போது. ஆனாலும் வாதாம் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். விழுவதற்கு முன்னால் அதன் இலை செக்கச்செவேல் என்று ஆகும். அதுதான் நம்ம ஊர் மேப்பிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போன புதிதில் நான் அம்மாவுக்கு எழுதின கடிதமெல்லாம் இந்த இலை பற்றித்தான். அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார்கள். ஒருநாள் போனில், "ஏட்டி, அந்தச் செவப்பு இலையில ஒண்ணை லெட்டருக்குள்ள வச்சு அனுப்பேன்" என்றார்கள். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அம்மா ஒரு நகையோ புடவையோ கேட்கவில்லை, கீழே கிடக்கிற ஒரு சருகைக் கேட்டார்கள். அதை அனுப்ப முடியவில்லை.

ஏன் என்றால், நாடு விட்டு நாடு தாவரப் பொருள் அனுப்புவதற்குச் சட்டம் உண்டு. சோதித்துச் சான்றிதழ் வாங்காமல் அனுப்பக் கூடாது. ஒரு சருகுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். அந்தச் சருகில் பூச்சி முட்டை இருக்கலாம், பூஞ்சை வித்து இருக்கலாம். எங்கள் மாநிலத்திலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1860-களின் கடைசியில் பாஸ்டனை அடுத்த மெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒருவர் ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிலிருந்து ஒரு வகை அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்தார். சில பூச்சிகள் தப்பி வெளியே போயின. இன்றுவரை அதன் புழுக்கள் ஓக் மரங்களை மொட்டையடித்துக்கொண்டிருக்கின்றன. நம் பக்கத்திலும் 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து விவசாயிகள் பட்ட பாடு தெரியும். ஆகவே சட்டம் சரிதான். நான் தாவரவியல் மாணவி. என் அம்மாவுக்காகக்கூட அதை மீறக் கூடாது.

அப்போதுதான் ஊர் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ரப்பர் ஸ்டாம்பும் இலையும் வைத்து வாழ்த்து அட்டை செய்யும் வகுப்பு. அங்கே எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றே ஒன்று: இலை போக முடியாத ஊருக்கு இலையின் அச்சு போகும். 1996 அக்டோபரில் அம்மாவுக்கு முதல் அட்டை போனது. பிறகு வருஷம் ஒன்று.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் இலை. நொறுங்குகிற சருகு உதவாது. அன்று விழுந்த, இன்னும் வளைகிற இலை வேண்டும். தடிமனான பழைய புத்தகத்துக்குள் செய்தித்தாள் சுற்றி ஒரு நாள் வைத்தால் தட்டையாகிவிடும். எங்கள் காலத்தில் டெலிபோன் டைரக்டரி இதற்கு ரொம்ப வசதி. பூச்சி தின்ற ஓட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் அழகாக விழும்.

அடுத்து காகிதம். அங்கே எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளை இரண்டாக வெட்டி மடிப்போம். இங்கே ஏ4 அட்டைத்தாளை இரண்டாக வெட்டி மடித்தால் அஞ்சல் அட்டை அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு வாழ்த்து அட்டை கிடைக்கும். 200 ஜிஎஸ்எம் கனம் போதும். மடிக்கிற இடத்தில் ஸ்கேல் வைத்து, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். மடிப்பு வெடிக்காமல் வரும். காகிதத்துக்கும் மரத்துக்கு இருக்கிற மாதிரி நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையோடு மடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகிக்கொடுக்கிறது என்று கையே சொல்லிவிடும்.

இனி மை. இலையைக் குப்புறப் போடுங்கள். நரம்பு புடைத்து நிற்பது அடிப்பக்கத்தில்தான். ஸ்டாம்ப் பேடைக் கையில் எடுத்து இலை மேல் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். தேய்க்கக் கூடாது. முதலில் மஞ்சள், அதன் மேல் ஆரஞ்சு, ஓரத்தில் பழுப்பு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மாற்றிச் செய்தால் மஞ்சள் பேட் அழுக்காகிவிடும். மை ஏற்றிய பக்கம் அட்டையில் படும்படி வைத்து, மேலே ஒரு செய்தித்தாள் துண்டு போட்டு, ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் காம்பிலிருந்து நுனி வரை அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு காம்பைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்குங்கள்.

முதல் அச்சு பெரும்பாலும் அப்பிக்கொண்டு வரும். மனசு விட்டுவிடாதீர்கள். மறுபடி மை போடாமல் அதே இலையை இன்னொரு தாளில் அழுத்துங்கள். இரண்டாவது அச்சில்தான் சிறு நரம்பெல்லாம் தெரியும். மூன்றாவது மங்கலாக, மழை ஈரத்தில் பார்த்த மாதிரி இருக்கும். அதன் மேல் வேறொரு இலையை அடர்த்தியாக அச்சிட்டால் தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று வந்துவிடும்.

இது அமெரிக்கர்கள் நேற்றுக் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அச்சகம் வைத்திருந்தவர் என்பது தெரியும். 1730-களின் பிற்பகுதியிலிருந்து அவர் அச்சிட்ட காகிதப் பணத்தில் நிஜ இலையின் வடிவத்தை உலோகத்தில் வார்த்து அச்சாகப் போட்டார். காரணம், இலை நரம்பின் நுணுக்கத்தைக் கள்ள நோட்டு அடிப்பவனால் செதுக்க முடியாது. நம் சென்னையிலேயே 1857-இல் ஹென்றி ஸ்மித் என்பவர் செடிகளிலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகளைப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தும் அது எனக்குத் தெரியாமல் போய், கடல் கடந்து போய்த்தான் தெரிந்தது.

இலைக்குப் பிறகு ரப்பர் ஸ்டாம்ப். இந்த வார்த்தையைக் கேட்டதும் என் வயசுக்காரர்களுக்கு ஒரே ஒரு காட்சிதான் ஞாபகம் வரும். கையில் பத்து ஜெராக்ஸ் காப்பியை வைத்துக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற கெஜட்டட் ஆபீசரைத் தேடி வெயிலில் அலைந்தது. அசலுக்குச் சரியான நகல் என்று ஒரு குத்து விழுந்தால்தான் நாம் படித்தது நிஜம். அந்த ஸ்டாம்ப்தான் இங்கே வேறு வேலை செய்கிறது. கடையில் மரக்கட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் ஆயிரம் விதமாகக் கிடைக்கும். நான் சொல்வது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் அழிரப்பர். பட்டர் பேப்பரில் பென்சிலால் படத்தை வரையுங்கள். அதைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும், குத்தும்போது நேராகிவிடும். தமிழ் எழுத்து செதுக்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கோட்டைச் சுற்றி உள்ளதைச் செதுக்கி எடுக்கும்போது பள்ளத்தின் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கட்டும். நேராகவோ உள்பக்கமாகவோ வெட்டினால் மெல்லிய கோடு நாலு தடவை குத்தியதும் பிய்ந்துவிடும். கத்தி எப்போதும் விரலை விட்டு விலகிப் போக வேண்டும்.

"ஸ்டாம்ப் குத்தறது ஒரு கலையா? யார் வேணும்னாலும் குத்தலாமே" என்று என் கணவர்கூடக் கேட்டார். யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பதுதான் அதன் பெருமை என்பது என் கட்சி. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு பெரியவர்.

எங்கள் ஊர் முதியோர் மையத்தில் வாரம் ஒரு நாள் நான் இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. பேச்சும் குழறும். முதல் நாள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தார். இரண்டாம் வாரம் ஒரு வெள்ளை ஓக் இலையை அவர் முன்னால் வைத்தேன். இடது கை முஷ்டியால் அழுத்தினார். வந்தது. அவர் பெயரின் முதல் எழுத்தை ஒரு ரப்பரில் செதுக்கிக் கொடுத்தேன். நவம்பர் நான்காம் வியாழன் அங்கே நன்றி நாள். அதற்கு முன்னால் வெளியூரில் இருக்கிற மகளுக்கு அட்டை போனது. உள்ளே ஓக் இலை, கீழே அந்த ஒரு எழுத்து. வேறு ஒரு வார்த்தை இல்லை. மகள் மையத்துக்கே போன் பண்ணினார். "அப்பா கையெழுத்துப் போட ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டார். கையெழுத்து இல்லை அம்மா, ஸ்டாம்ப்தான் என்று சொன்னேன். "அவர் கையால குத்தினதா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

அது அசலுக்குச் சரியான நகல் இல்லை. அதுவே அசல்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2004-இல் அம்மாவுக்கு கிளாக்கோமா என்று தெரிந்தது. கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதுவும் ரொம்ப நாள் நிற்கவில்லை. அந்த வருஷம் போனில், "இனிமே எதுக்குட்டி அட்டை? தபால் செலவு மிச்சம்" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

ஸ்டாம்ப் வேலையில் எம்பாசிங் என்று ஒன்று உண்டு. சாதாரண மை சீக்கிரம் காய்ந்துவிடும். பிக்மென்ட் மை என்று ஒன்று, மெதுவாகத்தான் காயும். அந்த மையில் அச்செடுத்து, ஈரம் போவதற்குள் அதன் மேல் ஒரு வகை நைசான பொடியைத் தூவ வேண்டும். தாளைச் சாய்த்துத் தட்டினால் மை பட்ட இடத்தில் மட்டும் பொடி நிற்கும். பிறகு சூடு காட்டினால் பொடி உருகி, மேடாகக் கெட்டிப்படும். ஹேர் டிரையர் சரிப்படாது. சூடு போதாது, பொடியும் பறந்துவிடும். அதற்கென்று உள்ள சூட்டுத் துப்பாக்கி வேண்டும். இல்லாவிட்டால் தாளின் அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டியின் சூடு படும்படி பிடிக்கலாம். கடைக்காரர்கள் இதை மினுமினுப்புக்காக விற்கிறார்கள். எனக்கு வேண்டியது மேடு.

2005 அக்டோபரில் சர்க்கரை மேப்பிள் இலை ஒன்றை அப்படி அச்சிட்டு அனுப்பினேன். காம்பு சேரும் இடத்திலிருந்து உள்ளங்கை விரல்கள் மாதிரி ஐந்து நரம்பு விரிகிற இலை. பக்கத்து வீட்டு அக்கா உறையைப் பிரித்துக் கொடுக்க, அம்மா விரலால் தடவிப் பார்த்தார்களாம். "கை மாதிரி இருக்குட்டி" என்றார்கள். அடுத்த இரண்டு வருஷமும் மேப்பிள்தான். நான்காவது வருஷம் சிவப்பு ஓக் அனுப்பினேன். அது நடுவில் ஒரே தண்டு நரம்பு, இரண்டு பக்கமும் கிளை. மரம் மாறியதை நான் சொல்லவில்லை. அட்டை கிடைத்த அன்று போன் வந்தது. முதல் வார்த்தையே, "இந்த வருஷம் மரத்தை மாத்திட்டியே" என்பதுதான்.

தாவரவியலில் இலை நரம்பமைப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. அங்கை வடிவம், இறகு வடிவம் என்று நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். எட்டாவது வரை படித்த என் அம்மா, கண் இல்லாமல், விரல் நுனியால் அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணினார்கள்.

2011 கோடையில் அம்மா காலமானார்கள். டிரங்குப் பெட்டியில் பதினைந்து அட்டையும் வருஷ வரிசையில் இருந்தன. கடைசி ஆறும் தடவித் தடவி ஓரம் கருத்துப்போயிருந்தன.

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கிற போனில் ஒரு நொடியில் நூறு பேருக்கு வாழ்த்து அனுப்பலாம். நானும் அனுப்புகிறேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒரு அட்டை செய்ய அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரமும் ஒரே ஒருவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அட்டை அழகாக வந்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். நம்மில் பலரும் மார்கழிக் கடைசியில் கடை வாசலில் நின்று பொங்கல் வாழ்த்து அட்டை பொறுக்கியவர்கள்தான். யாருக்கு எது என்று பார்த்துப் பார்த்து எடுத்து, உறையை ஒட்டாமல் மடித்து, புக் போஸ்ட் என்று எழுதிப் போட்டவர்கள். அன்றும் அட்டை அச்சடித்ததுதான். ஆனால் அந்தப் பொறுக்குகிற நேரம் நம்முடையதாக இருந்தது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு முன்வரிசையில் சில நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. நமக்குப் பாடம் நடத்திய சிலர் உடம்பு முடியாமல் வரவில்லை. நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அழைப்பிதழ் கிடைத்தும் வர முடியாத நிலையில் இருக்கிறார்கள். சிலருக்குப் பார்வை இல்லை. அவர்கள் முகவரி எல்லாம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த வளாகத்து மரத்தின் இலை அச்சிட்ட ஒரு அட்டை போக வேண்டும். அவர்கள் நம் ஊருக்குள்ளேயே இருப்பவர்கள், நிஜ இலையையே அனுப்பலாமே என்று கேட்பீர்கள். நிஜ இலை ஒரு மாதத்தில் தூளாகிவிடும். அச்சு நிற்கும்.

நம் வளாகத்தில் இதற்கு மரம் இல்லாமல் இல்லை. அரச இலையின் நரம்பு அச்சில் வலை மாதிரி விழும், அந்த நீண்ட நுனியோடு. மந்தாரை இலை ஒட்டக் குளம்பு மாதிரி இரட்டையாகப் பிளந்திருக்கும். மை இல்லாமலே அடையாளம் தெரியும். பூவரசு, புங்கம் இரண்டும் ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்லது. வேப்பிலையை ஈர்க்கோடு முழுசாக அச்சிடப் பொறுமை வேண்டும். வந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. பார்வை குறைந்தவர்களுக்குப் பொடி தூவி மேடாக்கிச் செய்யுங்கள். உள்ளே இங்கிலீஷில் அச்சடித்த வாழ்த்து வேண்டாம். எந்த மரம், எந்தத் தேதி, கல்லூரியில் இப்போது என்ன நடக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் நாலு மேசை போட்டிருக்கிறோம். பேட், பொடி, அட்டைத்தாள் எல்லாம் நான் கொண்டுவந்திருக்கிறேன். இலை நீங்கள் கொண்டுவாருங்கள். கிளையிலிருந்து பறிக்க வேண்டாம், கீழே விழுந்ததைப் பொறுக்கினால் போதும். வரைய வராது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். எனக்கும் வராது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.